தண்டம் செலுத்த வழியுண்டு. நியாயம் கேட்க வழியுண்டா?

இராகலைப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து ஒருவர் தமது வயது முதிர்ந்த தந்தையை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு வலப்பனைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வைத்தியசாலைக் கிளினிக்கில் காட்டிவிட்டு, அப்படியே அரச அலுவலகம் ஒன்றில் பிறப்புச் சான்றிதழ் விடயமாக ஒரு கையொப்பத்தையும் பெற்றுக்கொண்டு திரும்பிவிடலாம் என்பது அவரது எண்ணம். தரிப்பிடத்தில் ஒரு மணித்தியாலத்துக்குப் பணம் கட்டி வண்டியை நிறுத்துகிறார். வைத்தியசாலையில் இலக்கத் துண்டு வாங்கிக் காத்திருப்பதிலேயே அந்த ஒரு மணித்தியாலம் கரைந்துவிடுகிறது. அலுவலகத்தில் உரிய உத்தியோகத்தர் கூட்டம் ஒன்றுக்குச் சென்றிருக்கிறார். எல்லாம் முடிந்து திரும்பி வரும்போது வண்டியில் ஒரு தண்டப் பத்திரம் காத்திருக்கிறது.

இது கற்பனையான ஓர் உதாரணமே. ஆயினும் மலையகத்தின் சிறு நகரங்களை அறிந்த எவரும் இதனை நடக்காத காரியம் என்று கூறமாட்டார்கள். இந்த மனிதர் விதியை மீறினாரா என்று கேட்டால், மீறினார் என்பதே விடை. அவர் குற்றவாளியா என்று கேட்டால், விடை அத்தனை இலகுவானதன்று. அவரைத் தாமதிக்கச் செய்தது அவரது சோம்பலோ அலட்சியமோ அல்ல. அரசின் ஒரு கரம் அவரைக் காக்க வைத்தது. மற்றொரு கரம் அவர் காத்திருந்தமைக்காகத் தண்டம் விதித்தது. இரண்டு கரங்களும் ஒரே உடலுக்குரியவை என்பதை எடுத்துக்கூற அவருக்கு ஓர் இடம் இருக்கிறதா என்பதே இங்கு எழும் கேள்வியாகும்.

சில நூறு அல்லது சில ஆயிரம் ரூபா தண்டப்பணம் ஓர் ஆசிரியர் பக்கத்தில் ஆராயத்தக்க விடயமா என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் சாதாரண குடிமகன் ஒருவன் தன் வாழ்நாளில் அரசின் தண்டிக்கும் அதிகாரத்தை நேருக்கு நேர் சந்திக்கும் சந்தர்ப்பம் பெரும்பாலும் இத்தகைய ஒரு துண்டுக் கடதாசியின் வடிவிலேயே வருகிறது. உயர் நீதிமன்றத்தின் படிகளை அவன் ஒருபோதும் மிதிக்காமல் போகலாம். அவனைப் பொறுத்தவரை நீதி என்பது இந்தக் கடதாசி தன்னை எப்படி நடத்துகிறது என்பதிலேயே அடங்கியுள்ளது.

தண்டிப்பவர் யார்?

முதலில் சட்டத்தின் நிலையைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வீதியோரத்தில் வாகனம் நிறுத்துவது தொடர்பாக இருவேறு அதிகாரங்கள் செயற்படுகின்றன. ஒன்று, 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் பொலிஸார் விதிக்கும் தண்டம். மற்றையது, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் ஆக்கப்படும் உபவிதிகளின்படி பிரதேச சபை அறவிடும் தரிப்பிடக் கட்டணம். நமது நகரங்கள் பலவற்றில் இக்கட்டணத்தை அறவிடும் உரிமை கேள்விப்பத்திரம் மூலம் தனியாருக்குக் குத்தகைக்கு விடப்படுகிறது.

இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைப் பொதுமக்களில் பலர் அறிந்திருப்பதில்லை. கட்டணம் வேறு, தண்டம் வேறு. உபவிதி ஒன்றை மீறியவருக்குத் தண்டம் விதிப்பதற்குரியவர் நீதிவானேயன்றி, சபையின் உத்தியோகத்தரோ குத்தகைக்காரரின் பணியாளரோ அல்லர். உபவிதியும் சபையில் நிறைவேறினால் மட்டும் போதாது. அது முறைப்படி அங்கீகரிக்கப்பட்டு வர்த்தமானியில் வெளியிடப்பட வேண்டும். எனவே தரிப்பிடத்தில் நிற்பவர் ஒரு துண்டைக் கிழித்து நீட்டும்போது, அது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் வழங்கப்படுகிறது என்று கேட்பதற்குச் சாரதிக்கு உரிமை உண்டு. கேட்பவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விடயம்.

பொலிஸ் தண்டத்தைப் பொறுத்தவரை நடைமுறை யாவரும் அறிந்ததே. சாரதி அனுமதிப்பத்திரம் பெற்றுக்கொள்ளப்படுகிறது. அதற்குப் பதிலாகத் தற்காலிகப் பத்திரம் கொடுக்கப்படுகிறது. 14 நாட்களுக்குள் தபாலகத்தில் பணத்தைச் செலுத்தி, பற்றுச்சீட்டைக் காட்டி அனுமதிப்பத்திரத்தை மீளப் பெற்றுக்கொள்ள வேண்டும். செலுத்தத் தவறினால் விவகாரம் நீதிவான் நீதிமன்றத்தைச் சென்றடைகிறது. குற்றத்தை ஏற்றுக்கொள்ளாதவருக்கும் அதுவே வழி.

ஆக, மறுத்துரைக்க வழியே இல்லை என்று கூற முடியாது. ஆனால் அந்த வழியின் செலவை எண்ணிப் பார்க்க வேண்டும். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அதனை 1,550 ரூபாவாக உயர்த்தி, அரசின் பங்காக 200 ரூபா வருகைக் கொடுப்பனவும் வழங்குவதற்கு 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் முன்மொழியப்பட்டது. நீதிமன்றத் தவணை ஒன்றுக்குச் சென்றால் அன்றைய சம்பளம் இல்லை. போக்குவரத்துச் செலவு தனி. சட்டத்தரணியின் கட்டணம் தனி. ஒரு தவணையில் முடியாவிட்டால் இவை யாவும் இரட்டிப்பாகும். தான் குற்றமற்றவன் என்று நிரூபிக்க ஆகும் செலவு, குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு ஆகும் செலவை விஞ்சிவிடும்போது, குற்றமற்றவனும் பணத்தைக் கட்டிவிட்டுப் போவதே புத்திசாலித்தனமாகிறது. அப்பணம் குற்றத்துக்கான தண்டம் என்ற தன்மையை இழந்து, ஏழ்மையின் மீதான வரியாக மாறிவிடுகிறது.

பிரதேச சபையின் முடிவொன்றுக்கு எதிராக எழுத்தாணை கோரி உயர்ந்த நீதிமன்றங்களை நாடவும் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் ஒரு தரிப்பிடத் தண்டத்துக்காக அந்த வழியை நாடுவது மலையைக் கெல்லி எலியைப் பிடிப்பதற்கு ஒப்பானதாகும்.

செலுத்துவது இலகு, பேசுவது கடினம்

2025 பெப்ரவரியில் 'கவ்பே' எனப்படும் அரச இணையக் கொடுப்பனவு முறை ஆரம்பித்து வைக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் குருநாகல் முதல் அநுராதபுரம் வரையான வீதியில், போக்குவரத்துத் தண்டங்களை அதே இடத்தில் கையடக்கத் தொலைபேசி மூலம் செலுத்தும் பரீட்சார்த்தத் திட்டம் தொடங்கியது. பின்னர் அது ஏனைய பகுதிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. தபாலகத்தைத் தேடி அலைவதும், அனுமதிப்பத்திரத்துக்காகப் பொலிஸ் நிலையத்துக்கு இருமுறை செல்வதும் இதனால் தவிர்க்கப்படுகின்றன. கைமாறும் இலஞ்சத்துக்கும் இது ஓரளவு தடையாக அமையும். இந்த முன்னேற்றத்தை வரவேற்கவே வேண்டும்.

எனினும் ஒன்றைக் கவனிக்காமல் இருக்க முடியாது. தண்டம் செலுத்தும் வழியை ஒரு நிமிட வேலையாகச் சுருக்கிய அதே தொழில்நுட்பம், "ஐயா, என் தாமதத்துக்குக் காரணம் இது" என்று சொல்லும் வழியை ஓர் அங்குலம்கூட அகலப்படுத்தவில்லை. பணம் வாங்கும் கதவு நவீனமாகிவிட்டது. நியாயம் கேட்கும் கதவு 1951ஆம் ஆண்டிலேயே நிற்கிறது.

மலைநாட்டில் இந்த இடைவெளி இன்னும் பெரியது. வலப்பனை பிரதேச செயலகப் பிரிவு பரந்து கிடக்கும் ஒன்று. இராகலை, ஹல்கிரனோயா, ஹைபொரஸ்ட், உடப்புசல்லாவ போன்ற தோட்டப்புறங்களின் மக்கள் வலப்பனை, நில்தண்டாஹின்ன பகுதிகளின் அலுவலகங்களுக்கு வருவதற்கு வளைந்து இறங்கும் மலைப்பாதைகளையே நம்பியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் இப்பாதைகள் எப்போது மூடப்படும் என்று எவராலும் சொல்ல இயலாது. 2007 ஜனவரியில் வலப்பனை, ஹங்குராங்கெத்த பிரதேசங்களில் ஏற்பட்ட மண்சரிவுகள் உயிர்களைப் பலிகொண்டதை இப்பகுதி மக்கள் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டபோது, நுவரெலியா, கண்டி, பதுளை ஆகிய மாவட்டங்களே மண்சரிவுகளால் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. வீதிகள் துண்டிக்கப்பட்டன. இத்தகைய நிலத்தில் 'தவிர்க்க முடியாத தாமதம்' என்பது வெறும் சாக்குப்போக்கு அல்ல. அது புவியியல்.

மொழியும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1999இல் நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. ஆயினும் அலுவலகக் கருமபீடத்தில் தமிழில் பதில் கிடைக்காத அனுபவம் தோட்டப்புற மக்களுக்குப் புதிதன்று. தன் கையில் கொடுக்கப்பட்ட கடதாசியில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பதையே வாசிக்க முடியாதவர், அதற்கு எதிராக எதை எழுதுவார்? யாரிடம் கொடுப்பார்?

இங்கிலாந்தின் அனுபவம்

இத்தகைய சிறு தண்டங்களுக்கு எதிரான முறையீட்டை ஒழுங்கானதொரு நடைமுறையாக்கிய நாடுகளில் இங்கிலாந்து முக்கியமானது. நம்மவர்கள் பல்லாயிரக்கணக்கில் வாழும் இலண்டனில் இத்தண்டப் பத்திரத்தைக் கண்டிராத தமிழ்க் குடும்பம் அரிது எனலாம். அங்கு தரிப்பிட மீறல்களில் பெரும்பாலானவை குற்றவியல் சட்டத்திலிருந்து அகற்றப்பட்டு, உள்ளூராட்சி சபைகளின் சிவில் அதிகாரத்தின் கீழ் கொண்டுவரப்பட்டுள்ளன. 1991ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் இதற்கு வழிசமைத்தது. 2004ஆம் ஆண்டின் போக்குவரத்து முகாமைத்துவச் சட்டத்தின் தரிப்பிடம் பற்றிய ஏற்பாடுகள் 2008இல் நடைமுறைக்கு வந்தன.

அங்குள்ள நடைமுறை இதுதான். பத்திரம் கிடைத்து 14 நாட்களுக்குள் செலுத்துபவருக்குத் தொகையில் பாதி கழிக்கப்படும். செலுத்த விரும்பாதவர் தமது காரணத்தைச் சபைக்கு எழுதலாம். சபை அதனை ஏற்காவிடில், வாகன உரிமையாளருக்கு அறிவித்தல் அனுப்பப்படும். அவர் 28 நாட்களுக்குள் முறைப்படியான ஆட்சேபத்தைச் சமர்ப்பிக்கலாம். அந்த ஆட்சேபத்துக்குச் சபை 56 நாட்களுக்குள் பதிலளிக்க வேண்டும். பதிலளிக்கத் தவறினால் ஆட்சேபம் ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும். காலக்கெடு குடிமகனுக்கு மட்டுமன்றி சபைக்கும் உண்டு என்பதே இதிலுள்ள சிறப்பாகும். சபை நிராகரித்தால், அதனிடமிருந்து சுயாதீனமான நியாய சபையொன்றுக்கு மேன்முறையீடு செய்யலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. சட்டத்தரணி தேவையில்லை. இணையத்தின் மூலமும் தொலைபேசியின் மூலமும் வழக்கு கேட்கப்படுகிறது.

தாமதத்தைப் பொறுத்தவரையும் அங்கு சிந்தனை வளர்ந்துள்ளது. 2015 ஏப்ரல் முதல் இங்கிலாந்தின் உள்ளூராட்சித் தரிப்பிடங்களில் நேரம் முடிந்த பின்னரும் 10 நிமிட சலுகைக் காலம் கட்டாயமாக்கப்பட்டது. சட்டத்தில் எழுதப்பட்ட காரணங்களுள் அடங்காவிடினும், மனிதாபிமான அடிப்படையில் தண்டத்தை எந்தக் கட்டத்திலும் கைவிடும் தற்றுணிபு சபைகளுக்கு உண்டு. நியாய சபையும் வலுவான காரணங்களைக் கண்டால் விடயத்தை மீள்பரிசீலனைக்காகச் சபைக்கே திருப்பி அனுப்பலாம்.

இதனால் அங்கு எவரும் எதையும் சொல்லித் தப்பிவிடலாம் என்று பொருளல்ல. செம்ஸ்போர்ட் நகரின் கடைத்தொகுதித் தனியார் தரிப்பிடம் ஒன்றில் இரண்டு மணித்தியால இலவச நேரத்தைக் கடந்து 56 நிமிடங்கள் வாகனத்தை விட்டிருந்த ஒருவர், தம்மிடம் கோரப்பட்ட 85 பவுண் மிகையானது என்று வழக்காடி நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 2015 நவம்பரில் அவருக்கு எதிராகவே தீர்ப்பு வந்தது. தரிப்பிடம் ஒழுங்காக இயங்குவதற்கு அத்தகைய தண்டம் நியாயமான தேவை என்று பெரும்பான்மை நீதியரசர்கள் கருதினர். ஆனால் அத்தீர்ப்பில் அறிவித்தல் பலகைகள் பெரிதாகவும் தெளிவாகவும் இருந்தமை ஒரு முக்கிய காரணியாக எடுத்துக்கொள்ளப்பட்டது. கண்டிப்பும் நியாயமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. முன்கூட்டியே தெளிவாகச் சொன்னவருக்கே பின்னர் கண்டிப்பாக இருக்கும் உரிமை உண்டு.

எதிர்வாதங்கள்

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படுபவற்றையும் கேட்க வேண்டும். மலையகச் சிறு நகரங்களின் வீதிகள் ஒடுங்கியவை. கடைகளும் பஸ் தரிப்பிடமும் ஒரே வீதியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒருவர் வாகனத்தை இரண்டு மணித்தியாலம் விட்டுச் சென்றால் நோயாளர் காவுவண்டிகூடத் திணற நேரிடும். தாமதத்தை மன்னிக்கத் தொடங்கினால் ஊரில் தாமதமாகாதவர் எவரும் இருக்கமாட்டார்; ஒவ்வொருவரும் ஒரு நோயாளித் தந்தையைக் கண்டுபிடித்துவிடுவார் என்பது அதிகாரிகளின் அச்சம். இதில் உண்மை இல்லாமலில்லை.

ஆனால் இன்றைய நிலையில் மன்னிப்பே வழங்கப்படுவதில்லையா? வழங்கப்படுகிறது. செல்வாக்குள்ளவரின் ஒரு தொலைபேசி அழைப்பில் பத்திரம் கிழிக்கப்படுவதை நாம் அறியாதவர்கள் அல்லர். முறையான மேன்முறையீடு இல்லாத இடத்தில் முறையற்ற மேன்முறையீடு தானாகவே முளைத்துவிடுகிறது. அதனை நாடுவதற்குச் சான்றுகள் தேவையில்லை. தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும். தெரிந்தவர் இல்லாதவனே பணத்தைக் கட்டுகிறான். ஆகவே நமக்கு முன்னுள்ள தெரிவு மன்னிப்பதா, மன்னிக்காமல் விடுவதா என்பதன்று. இரகசியமாக மன்னிப்பதா, பதிவேட்டில் எழுதி மன்னிப்பதா என்பதே.

தவிர்க்க முடியாத தாமதத்தை அங்கீகரிப்பது நமது நாட்டுக்கு முற்றிலும் அந்நியமான கோட்பாடும் அல்ல. 2020இல் கொவிட் முடக்கத்தினால் தபாலகங்கள் மூடப்பட்டிருந்த வேளையில், தண்டப்பணம் செலுத்துவதற்கு அரசு சலுகைக் காலம் வழங்கியது. செலுத்த முடியாமற்போனது மக்களின் தவறல்ல என்று அரசு அன்று ஒப்புக்கொண்டது. பணம் செலுத்துவதில் ஏற்றுக்கொள்ளப்பட்ட நியாயம், வாகனத்தை எடுக்க முடியாமற்போனவரின் விடயத்தில் மட்டும் ஏன் ஏற்றுக்கொள்ளப்படக் கூடாது?

சபை செய்யக்கூடியவை

2023 மார்ச் முதல் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் பிரதிநிதிகள் இன்றியிருந்த உள்ளூராட்சி சபைகளுக்கு 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடைபெற்றது. வலப்பனை பிரதேச சபை உள்ளிட்ட மலையக சபைகள் இப்போது மீண்டும் உறுப்பினர்களைக் கொண்டுள்ளன. நாடாளுமன்றத்தின் புதிய சட்டத்துக்காகக் காத்திராமல், தமது தரிப்பிட உபவிதிகளிலும் குத்தகை நிபந்தனைகளிலும் அவை சிலவற்றைச் சேர்த்துக்கொள்ள இயலும்.

நேரம் முடிந்த பின் குறைந்தது 10 நிமிட சலுகை வழங்கப்பட வேண்டும். வைத்தியசாலை, பிரதேச செயலகம், நீதிமன்றம் ஆகியவற்றில் காத்திருந்தமைக்கு அவ்விடத்தின் நேரமிட்ட முத்திரையோ கிளினிக் அட்டையோ போதிய சான்றாகக் கொள்ளப்பட வேண்டும். மண்சரிவு எச்சரிக்கையினாலோ வீதித் தடையினாலோ நகரத்தில் சிக்கிக்கொண்டவரிடம் மேலதிகக் கட்டணம் கேட்கலாகாது. துண்டு மும்மொழிகளிலும் அச்சிடப்பட்டு, அதில் உபவிதியின் இலக்கமும் முறையிட வேண்டிய இடமும் காலக்கெடுவும் குறிக்கப்பட வேண்டும். எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கூறினால் அதனை எழுதிக்கொள்ளத் தமிழ் அறிந்த ஓர் உத்தியோகத்தர் வாரத்தில் ஒரு நாளாவது அமர்ந்திருக்க வேண்டும். முறையீடு நிலுவையில் இருக்கும்வரை தொகை அதிகரிக்கக் கூடாது. முடிவெடுப்பவர் துண்டை வழங்கியவராகவோ, வசூலில் இலாபம் காணும் குத்தகைக்காரராகவோ இருத்தல் ஆகாது. ஏற்ற முறையீடுகளும் நிராகரித்தவையும் காரணங்களுடன் மாதந்தோறும் சபை அமர்வில் வைக்கப்பட வேண்டும். பொய்ச் சாட்டுகளைத் தடுப்பதற்கும் இந்தப் பகிரங்கப் பதிவேட்டை விடச் சிறந்த வழி இல்லை.

இவற்றுள் எதுவும் பெரும் நிதியை வேண்டி நிற்பதன்று. வேண்டுவது மனமாற்றம் ஒன்றே. பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டப்புறங்களுக்குச் சபையின் நிதியைச் செலவிடத் தடையாக இருந்த காலம் நீண்டது. 2018இல் நிறைவேற்றப்பட்ட திருத்தத்தின் பின்னரே அத்தடை நீங்கியது. சேவை வழங்குவதில் தோட்டத்து மக்களை மூன்று தசாப்தங்கள் ஒதுக்கி வைத்திருந்த முறைமை, நகரத்துத் தரிப்பிடத்தில் கட்டணம் வாங்கும்போது மாத்திரம் அவர்களை ஒருபோதும் ஒதுக்கியதில்லை. அந்தக் கடனைத் தீர்ப்பதற்கு இது ஒரு சிறு வாய்ப்பு.

அதுவரை மக்கள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. பற்றுச்சீட்டு இன்றிப் பணம் கொடுக்கக் கூடாது. காரணத்தைச் சபையின் செயலாளருக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியில் முத்திரை பெற்றுக்கொள்ளலாம். உபவிதியின் பிரதியையும் குத்தகை ஒப்பந்தத்தின் நிபந்தனைகளையும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கோரலாம். 14 வேலை நாட்களுக்குள் அதற்கு முடிவு சொல்ல வேண்டியது சபையின் கடமை. நீதிமன்றம் செல்ல நேர்ந்தால் வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். தோட்டங்களிலுள்ள தொழிற்சங்கக் கிளைகளும் இளைஞர் மன்றங்களும் இத்தகைய கடிதங்களை எழுதிக் கொடுக்க முன்வந்தால் அதுவே பெரும் சேவையாகும்.

இத்தீவின் பழைய வரலாற்றில், அநுராதபுரத்தில் ஆட்சி செய்த எல்லாளன் தன் படுக்கையின் தலைமாட்டில் ஒரு மணியைக் கட்டி, அதன் நீண்ட கயிறு வெளியே தொங்குமாறு செய்தான் என்று மகாவம்சம் கூறுகிறது. நியாயம் வேண்டுவோர் அதனை இழுக்கலாம். மன்னனின் மகன் ஓட்டிச் சென்ற தேரில் சிக்கிக் கன்றை இழந்த பசு ஒன்றும் அக்கயிற்றை இழுத்ததாக அந்நூல் சொல்கிறது. திருவாரூரின் மனுநீதிச் சோழன் கதையும் அதுவே. சிங்கள மக்களும் தமிழ் மக்களும் ஒருங்கே போற்றும் இக்கதை அடிப்படையில் ஒரு வீதி விபத்துப் பற்றிய முறைப்பாடுதான். அதில் மன்னன் வழங்கிய தண்டனையின் கடுமையை இன்று எவரும் பின்பற்ற வேண்டியதில்லை. கயிறு வாசல் வரை நீண்டிருந்தது என்பதே நாம் கொள்ள வேண்டிய பாடம். இராகலையிலிருந்து தந்தையை அழைத்துக்கொண்டு வரும் மனிதரின் கைக்கு எட்டும் தூரத்தில் அப்படியொரு கயிற்றைத் தொங்கவிடுவது வலப்பனை பிரதேச சபைக்கு இயலாத காரியமன்று.